கணிப்பொறிக்குள் பெயர்ச்சீட்டு

மாணவர்களே! ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலை நீங்கள் அறிவீர்கள். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் ஒரு வெண்ணிறத் தூள். மத்தாப்புக்குச் சிவப்பு ஒளி தரும் ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டும் வெண்ணிறத் தூளே. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய இயலுமா? இயலாது. டப்பாவின் மேலுள்ள பெயர்ச்சீட்டையே நம்ப வேண்டும். கணிப்பொறி நிரல்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான்.

ஐ.பி.எம். நிறுவனம் 1988 ஜூன் மாதம் ஏ.எஸ்./400 என்னும் நடுத்தர வாணிபக் கணிப்பொறியை அறிமுகம் செய்தது. அதன் வழிவந்த இயக்க அமைப்பு இன்று 'ஐ.பி.எம். ஐ' எனப்படுகிறது. சம்பளம், சரக்கு இருப்பு, விற்பனைப் பட்டியல் போன்ற கணக்குகளுக்கு இது பயன்படுகிறது. மனிதர் எழுதுவது மூல நிரல். அதைக் கணிப்பொறி தொகுத்து, இயங்கு நிரலாக மாற்றிக்கொள்கிறது.

மூல நிரல்கள் எங்கே இருக்கின்றன? ஓர் அலமாரியை எண்ணிக்கொள்ளுங்கள். அலமாரிக்கு இங்கே 'நூலகம்' என்று பெயர். அதன் தட்டு 'மூலக் கோப்பு'. தட்டிலுள்ள ஒவ்வோர் ஏடும் ஓர் 'உறுப்பு'; ஓர் உறுப்பில் ஒரு மூல நிரல். இம்மூன்றின் பெயர்களும் 10 எழுத்துகளுக்கு மேற்படக்கூடாது.

வழக்கமான மூலக் கோப்பில் ஒரு வரியின் நீளம் 92 இடங்கள். முதல் 6 வரிசை எண்ணுக்கு. அடுத்த 6 அவ்வரி திருத்தப்பட்ட தேதிக்கு. எஞ்சிய 80 நிரலுக்கு. ஏன் 80? பழைய துளை அட்டையில் இருந்தவை 80 பத்திகள்! 1994-இல் கிளை கிளையாகப் பிரியும் கோப்பகங்களும், நீண்ட பெயர்களும் இக்கணிப்பொறிக்கு வந்தன. எனினும் பழைய முறையும் நிலைத்திருக்கிறது.

ஒரே மூலக் கோப்பில் இரண்டு உறுப்புகளுக்கு ஒரே பெயர் இருக்க முடியாது. ஆகவே பெயரிடத் திட்டம் தேவை. எடுத்துக்காட்டாக, முதல் 2 எழுத்துகள் பிரிவைக் குறிக்கட்டும். அடுத்த 3 இலக்கங்கள் வரிசை எண். கடைசி எழுத்து வகை—நிரலா, திரையா, அச்சுப் படிவமா என்பது. எண்களை 010, 020, 030 என இடைவெளி விட்டுத் தருவது நல்லது. பின்னர் வருவனவற்றை இடையில் செருகலாம்.

திட்டமில்லாவிட்டால் என்ன நேரும்? ஒருவர் சம்பள நிரலைப் படியெடுத்துப் 'புதியது' என்று பெயரிடுகிறார். மற்றொருவர் 'புதியது-2' என்கிறார். ஓராண்டு கழித்துக் கூலி விகிதம் மாறும்போது, மூன்றாமவர் பழைய படியைத் திருத்தித் தொகுக்கிறார். கணிப்பொறி பிழை ஏதும் காட்டாது. ஏனெனில் இலக்கணப் பிழை எதுவுமில்லை! ஆனால், இடையில் செய்த திருத்தங்கள் யாவும் மறைந்து, தொழிலாளியின் கையில் தவறான கூலி சேரும்.

இதைத் தடுக்க ஒரு வசதி உண்டு. இயங்கு நிரல், தான் எந்த நூலகத்தில், எந்தக் கோப்பில், எந்த உறுப்பிலிருந்து பிறந்தது என்பதையும், அம்மூலம் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் தன்னுடன் வைத்திருக்கிறது. திருத்துமுன் அதைப் பார்த்துவிட வேண்டும். சோதனைப் படிக்குப் பெயரை மாற்றாமல், அதே பெயரில் வேறு நூலகத்தில் வைப்பதே சிறந்தது.

செய்து பாருங்கள்: ஒரு தீப்பெட்டி ஆலைக்குக் கொள்முதல், கூலி, விற்பனை என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல், ஒரு திரை, ஓர் அச்சுப் படிவம். இந்த ஒன்பதுக்கும் பெயரிடுங்கள். பின்பு பட்டியலை நண்பரிடம் கொடுங்கள். நீங்கள் விளக்காமலே அவருக்குப் புரிந்தால், உங்கள் திட்டம் வெற்றி!