திருவிழாவுக்கு மறுநாள் போங்கள்

அமெரிக்க நகரப் பள்ளிகளில் ஆய்வு செய்யப் போகிறவர்கள் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பல்பண்பாட்டுத் திருவிழா நடக்கும் நாளில் பள்ளிக்குப் போகாதீர்கள், மறுநாள் போங்கள். அன்று சோமாலி சம்பூசாவும் வியட்நாமிய நடனமும் இருக்காது. பாடம் மட்டும் நடக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்தப் பார்வை சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது வந்தது. கல்வியாளர் ஜேம்ஸ் பேங்க்ஸ் 1992-இல் பல்பண்பாட்டுக் கல்விக்கான ஆய்வு மையத்தை நிறுவியது அங்கேதான். பாடத்திட்டச் சீர்திருத்தத்தை அவர் நான்கு படிகளாகப் பிரித்தார். விழாக்களையும் நாயகர்களையும் கொண்டாடுவது முதல் படி. பாடத்திட்டத்தைத் தொடாமல் ஒரு பகுதியை மட்டும் கூடுதலாகச் சேர்ப்பது இரண்டாவது. பாடத்தையே வேறு மக்களின் இடத்திலிருந்து பார்க்க வைப்பது மூன்றாவது. மாணவர்கள் முடிவெடுத்துச் செயலில் இறங்குவது நான்காவது.

வகுப்பில் உட்கார்ந்தால் இந்தப் படிகளுக்கு இடையிலான வித்தியாசம் தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 மார்ச் 30 அன்று, சியாட்டிலுக்கு எதிரே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவிலிருந்து 227 ஜப்பானிய அமெரிக்கர்களை ராணுவம் அப்புறப்படுத்தியது. போர்ப் பாடத்தின் ஓரத்தில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் படித்துவிட்டுப் போகலாம். அல்லது வெளியேற்ற அறிவிப்பையே பிள்ளைகள் கையில் கொடுத்து, "இவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களாயிற்றே, எப்படி முடிந்தது?" என்று கேட்கலாம். இப்படிக் கேட்கும் வகுப்பில் மணி அடித்தாலும் பேச்சு ஓயாது.

நடைமுறையில் சில. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பள்ளி மாவட்டத்தின் அனுமதியும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வசந்த காலத்தில் தேர்வுகள் தொடங்கிவிட்டால் எந்த ஆசிரியருக்கும் உங்களுக்கு ஒதுக்க நேரம் இராது. ஒப்புதல் படிவத்தைப் பெற்றோரின் மொழியில் கொடுங்கள், கொடுத்ததோடு நிற்காமல் வாயாலும் விளக்குங்கள். குடியேற்றச் சிக்கலில் இருக்கும் குடும்பத்துக்குக் கையெழுத்து என்றாலே பயம். பெயர் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

பெற்றோரிடம் பேசும்போது அவர்கள் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்கவே கூடாது. தன்னைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளை அப்படியே சொல்லும்? செலவானாலும் வெளியாள் ஒருவரை அழைத்து வாருங்கள்.

கட்டுரை அச்சேறும் வரை காத்திராமல், கண்டதை இரண்டு பக்கத்தில் எழுதி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தை ஒரே நேரத்தில் வைத்தால் ஷிஃப்ட் வேலைக்காரர்கள் வர மாட்டார்கள். ஒன்று மாலையில், ஒன்று சனிக்கிழமை காலையில் என்று வைத்துப் பாருங்கள்.