மூன்று மின்னல் போதுமா?

கேள்வி: புதிய காரில் இன்டிகேட்டர் லீவரைத் தொட்டால் மூன்று முறை மின்னி நின்றுவிடுகிறது. சில வளைவுகளில் தானாகவே அணைந்தும் போகிறது. என்ன செய்யலாம்? – வாசகர், குழித்துறை

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. மூன்று மின்னல் என்பது அகலமான நெடுஞ்சாலையில் லேன் மாறுகிறவர்களுக்கான வசதி. மூன்றும் முடிய ஏறத்தாழ 2 விநாடிதான் ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 22 மீட்டர் போய்விடுவீர்கள். மார்த்தாண்டம் நெரிசலில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பைக்காரருக்கு அது எப்படிப் போதும்? திரும்புவதற்கு லீவரைத் தட்டாதீர்கள். 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும்வரை முழுதாகத் தள்ளுங்கள். பல கார்களில் இந்த வசதியையே நிறுத்தி வைக்கலாம், கையேட்டில் இருக்கும்.

தானாக அணைவதற்குக் காரணம் ஸ்டீயரிங் தண்டில் உள்ள சிறு முனை. திருப்பிய சக்கரம் நேராகும்போது அது லீவரைத் தட்டிவிடும். நம் சாலைகளோ நெளிந்து நெளிந்து போகிறவை. வலது இன்டிகேட்டர் போட்டபின் சாலையே வலப்பக்கம் வளைந்து நேரானால், நீங்கள் திரும்பும் இடம் வருமுன்பே அணைந்துவிடும். அப்போது தயங்காமல் மறுபடியும் போடுங்கள். லேசாகத் திரும்பினாலோ அணையாமலே கிடக்கும். இதுதான் எனக்கு அதிகக் கவலை. நீங்கள் திரும்பப்போவதாக நம்பி ஒருவர் குறுக்கே வந்துவிடுவார். டேஷ்போர்டு அம்பை ஒரு கண் பார்த்து, கையாலேயே அணைத்துவிடுங்கள்.