ரத்தம் நார்மலானதும் மாத்திரையை நிறுத்தலாமா?

'க்ரானிக் மைலாய்டு லுக்கீமியா' என்கிற ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது சகஜம்.

ரத்த அணுக்களுக்கெல்லாம் தாய், எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல். எப்போது பெருகலாம், எப்போது சும்மா இருக்கலாம் என்று அதற்கு உத்தரவு போடுபவை ஜீன்கள். இந்த நோயில், ஒரு ஸ்டெம் செல்லின் 9-வது, 22-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அங்கே உருவாகும் 'பி.ஸி.ஆர் - ஏ.பி.எல்' ஜீன், 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் விரட்டுகிறது. விளைவு? மூடாத குழாய் மாதிரி வெள்ளையணுக்கள் கொட்டுகின்றன. (இது பரம்பரை நோயல்ல. பிள்ளைகளுக்கு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.)

குட்டையாகிப் போன 22-வது குரோமோசோமை 1960-ல் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த நோவெல், ஹங்கர்ஃபோர்டு. துண்டுகள் இடம் மாறியதை 1973-ல் கண்டுபிடித்தவர் ஜேனட் ரவுலி. அந்த ஜீனின் விரட்டலை அடக்கும் 'இமாட்டினிப்' மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆனால், மாத்திரை விரட்டலைத்தான் அடக்குகிறது. பழுதான ஸ்டெம் செல்கள் சில மஜ்ஜையில் பதுங்கியே இருக்கலாம். நீங்களாக நிறுத்தினால் நோய் மறுபடி தலைதூக்கலாம். பல வருடம் சாப்பிட்டு, அந்த ஜீனின் சுவடே ஏறக்குறைய மறைந்தவர்களில் சிலருக்கு டாக்டரே நிறுத்திப் பார்ப்பதுண்டு. அப்போதும் ரத்தப் பரிசோதனை விடாமல் தொடரும்.

எனவே நிறுத்துவதை டாக்டர் சொல்லட்டும். அதுவரை ஒருவேளைகூடத் தவறாமல் சாப்பிடுங்கள்!