பணம் போனது, ஆர்டர் எங்கே?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் மின்வணிகம் பற்றிய பகுதியைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரையறை எழுதிப் போட்டே நடத்தி வந்தேன். கள்ளிக்குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி அதை மாற்றினாள். தையல் வேலை செய்யும் அவளுடைய அம்மா, ஓர் இணையக் கடையில் 1,240 ரூபாய்க்குத் துணி வாங்க ஏடிஎம் கார்டு எண்ணையும் ஓடிபியையும் கொடுத்திருக்கிறார். ‘தோல்வி’ என்று வந்ததால் மறுபடியும் முயன்றிருக்கிறார்.

“சார், ரெண்டு தடவையும் பணம் போயிடுச்சு. முதல்ல ஆர்டர் நம்பர் 4817னு வந்துச்சு, அப்புறம் 4819. நடுவுல 4818 எங்க சார்?”

அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டோம். வாடிக்கையாளர், கடை, வங்கி என மூன்று குழுக்கள். சீட்டு கொண்டுபோக ஒரு மாணவன். வங்கி தரும் பதில் சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படி அவனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்தேன். “நாங்க கட்டிட்டோம்”, “எங்களுக்கு வரலை” என்று பத்து நிமிடம் ஒரே சண்டை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைக்குழு நோட்டில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். பெரும்பாலோர் ‘தோல்வி’ என்றார்கள். கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் மட்டும் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருந்தான். அதுதான் சரி. பதில் வராததும் வங்கி மறுத்ததும் ஒன்றல்ல. ‘நிலுவை’ என்று குறித்து, அதே ஆர்டர் எண்ணைச் சொல்லி வங்கியிடம் கேட்ட பிறகே கடை மறுபடி பணம் வாங்க வேண்டும். வாடிக்கையாளர் மீண்டும் முயன்றால் அது அதே ஆர்டரின் இரண்டாம் முயற்சி. அந்த அம்மா விஷயத்தில் மென்பொருள் புதிய ஆர்டரையே திறந்துவிட்டது. இரண்டும் ஒருவருடையவை என்று கடைக்குத் தெரியவில்லை.

4818க்கு நம் பள்ளி அலுவலகமே விடை. விண்ணப்ப எண் கேட்டு வந்த எல்லோருக்கும் உண்டு. சேர்க்கை எண் சேர்ந்தவருக்கு மட்டும். ஆர்டர் எண் பணம் கட்டும் முன்பே பிறக்கிறது, பாதியில் விட்டுப்போனவருக்கும்கூட. வூகாமர்ஸ் மென்பொருளில் வலைப்பக்கங்களும் ஆர்டர்களும் ஒரே வரிசையில் எண் எடுப்பதால் இன்னும் தாவும். விலைப்பட்டியல் எண் அப்படித் தாவக்கூடாது. ஜிஎஸ்டி விதி 46 அது தொடர் எண்ணாக, 16 எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாக்குவது தவறு.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு, கடைக்கு உறுதி வராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை. கடைக்கு யுபிஐ வழியாகக் கட்டினாலும் இதே கெடுதான். திருப்பித் தருகிறோம் என்று ஓடிபி கேட்டால் அது மோசடி, 1930க்கு அழைக்கலாம்.

அந்த அம்மாவுக்கு நான்காம் நாள் 1,240 ரூபாய் வந்து சேர்ந்தது.

மணி அடித்ததும் சீட்டுக்காரன் சட்டைப்பையிலிருந்ததை எடுத்து நீட்டினான். “சார், கடை ஆர்டரை ரத்து பண்ணின பிறகு இதைக் கொடுத்தா என்ன ஆகும்?” அடுத்த பாடவேளையை அந்தச் சீட்டிலிருந்தே தொடங்கினோம்.