வளவு கொத்தும்போது செல் கண்டால்

யாழ்ப்பாணத்து இணுவில் செம்மண்ணில் 1987இலும் 1995இலும் போரில் விழுந்த செல்கள் (எறிகணைகள்) எல்லாமும் வெடித்துவிடவில்லை. மண்வெட்டியில் 'டங்' என்று பட்டால் உடனே கையை நிறுத்துங்கள். தட்டிப் பார்ப்பது, மண்ணைச் சுரண்டுவது, வாளித் தண்ணீரில் கழுவுவது ஒன்றும் வேண்டாம். கறள் பிடித்த செல் செத்த செல் அல்ல. பழசாகப் பழசாக அதன் வெடிதூண்டியை நம்பவே கூடாது.

வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அப்புறப்படுத்திவிட்டு 119க்குச் சொல்லுங்கள். கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். கிட்டப் போய்ப் படம் எடுத்து வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்புகிற ஆசை வேண்டாம்.

எவ்வளவு தூரம் போவது? உருக்குத் தகட்டில் கைத்துப்பாக்கியால் சுட்டுப் பழகுவோர், தெறித்துத் திரும்பும் சிதறலுக்குப் பயந்து கண்ணாடி போட்டு, 10 மீட்டர் அளவில் தள்ளி நிற்பார்கள். அது ஒரு சின்ன ரவைக்கு. செல்லின் இரும்புச் சிதறல் நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். ஆகவே மதிலுக்கு அப்பால் நின்று எட்டிப் பார்ப்பது பாதுகாப்பல்ல. கண்ணுக்கு அது தெரியாத அளவுக்கு விலகி, பொலிஸ் சொல்லும் இடத்தில் நில்லுங்கள்.

குப்பை கொளுத்தமுதல் ரவை கிடக்கிறதா என்று கிளறிப் பாருங்கள். நெருப்பில் விழுந்த ரவை குழலில்லாமலும் வெடிக்கும். பித்தளைக் கோது தெறித்துக் கண்ணைப் பறிக்கும். கிணறு இறைக்கும்போது சேற்றோடு ரவைகள் வந்தாலும் செல்லுக்குச் சொன்ன அதே ஒழுங்குதான்: தொடாமல் விலகி 119க்குச் சொல்லுங்கள். பித்தளைக்கு நல்ல விலை என்று பழைய இரும்புக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.