மறுபடி முளைக்கும் டெஸ்மாய்டு

கேள்வி: தங்கைக்கு வயது 29. தோள்பட்டையில் எடுத்த டெஸ்மாய்டு கட்டி அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. மறுபடியும் ஆபரேஷன்தானா, டாக்டர்?
- வாசகி, செகந்திராபாத்

பதில்: அவசரம் வேண்டாம், அம்மா. டெஸ்மாய்டு வேறு உறுப்புகளுக்குப் பரவாது. இருக்கிற இடத்திலேயே அடம்பிடிக்கும். கத்தி பட்ட இடத்தில் மீண்டும் முளைப்பதும் அதன் சுபாவம்தான். அதனால் உடனே வெட்டுவதை இப்போது பெரும்பாலான நிபுணர்கள் விரும்புவதில்லை.

வலி, கை மரத்துப்போதல் இல்லையென்றால், சில மாதங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்தாலே போதும். சும்மா இருப்பதும் சிகிச்சையா என்று கேட்பீர்கள். 2018-ல் வெளியான சோராஃபெனிப் என்ற மாத்திரையின் ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது! மருந்து சாப்பிட்டவர்களில் 81 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகள் நோய் முற்றவில்லை. மற்றவர்களில் 36 சதவீதம்தான்.

சோராஃபெனிபுக்கு உங்கள் ஊரோடு உறவு உண்டு. மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் விற்றதை, 2012 மார்ச்சில் கிடைத்த கட்டாய உரிமத்தின் (காப்புரிமை பிறரிடம் இருந்தாலும் தயாரிக்க அரசு தரும் அனுமதி) பேரில் 8,880 ரூபாய்க்குத் தர முன்வந்தது ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம். இதைச் சாப்பிட்டால் உள்ளங்கை, பாதம் எரியலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். கர்ப்பத்தில் கூடவே கூடாது.

குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட், வின்பிளாஸ்டின் ஊசிகளும், கட்டியை உறையவைக்கும் கிரையோ முறையும் உண்டு. 2023-ல் அமெரிக்கா அனுமதித்த நிரோகாசெஸ்டாட் மாத்திரை, சினைப்பையைப் பாதிக்கக்கூடியது. கதிர்வீச்சை இந்த வயதில் நான் கடைசியில்தான் வைப்பேன்.

குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடலில் நிறையப் பாலிப்கள் இருந்தனவா? அந்தப் பரம்பரைக் கோளாறோடும் டெஸ்மாய்டு வரலாம் என்பதால், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பழைய பயாப்ஸி பிளாக்கையும் வாங்கிக்கொண்டு, ரெட்ஹில்ஸ் எம்.என்.ஜே. போன்ற புற்றுநோய் மருத்துவமனையில் காட்டுங்கள்.