ஓர் அட்டவணை, இரு வேடம்

பள்ளி நாடகத்தில் ஆள் போதாவிட்டால், முதற்காட்சியில் அரசியாக வந்தவளே மூன்றாம் காட்சியில் தோழியாகவும் வருவாள். கணிப்பொறியிலோ ஓர் அட்டவணை ஒரே காட்சியில் இரு வேடங்களில் நிற்க வேண்டியதாகிறது. இதற்குத் 'தன்னிணைப்பு' என்று பெயர். மேல்வகுப்பில் கணிப்பொறி அறிவியல் பயிலும் தங்கையர் இதில் திகைப்பதைக் காண்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தகவல்களை அட்டவணைகளாக அடுக்கி, அவற்றிடையே உறவு காணும் முறையை 1970இல் வெளியிட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட். அங்கேயே பணியாற்றிய சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் அதற்கொரு வினவுமொழி வகுத்தனர். அதுவே இன்றைய எஸ்.க்யூ.எல்.

ஆரக்கிள் மென்பொருளில் பயிற்சிக்கென ஓர் ஊழியர் அட்டவணை உண்டு. மொத்தம் 14 பேர். அது இருக்கும் கணக்கின் பெயர் ஸ்காட். தொடக்க கால ஊழியர் ஒருவரின் பெயர் அது. கடவுச்சொல் 'டைகர்', அவர் வீட்டுப் பூனையின் பெயர்!

அந்த அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், சம்பளம், மேலாளரின் எண் ஆகியவை உண்டு. மேலாளரும் ஓர் ஊழியரே. ஆகவே அவர் விவரமும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. தலைவர் கிங் ஒருவருக்கு மட்டும் மேலாளர் இல்லை. மேலாளரைவிட அதிகச் சம்பளம் பெறுவோர் யாவர்? இதற்கு விடை காண அட்டவணையை இருமுறை விரித்து, ஒன்றை 'ஊழியர்' என்றும் மற்றதை 'மேலாளர்' என்றும் அழைக்கிறோம். இவை மாற்றுப்பெயர்கள். ஊழியர்.மேலாளர்எண் = மேலாளர்.எண் என்று இணைத்து, ஊழியர்.சம்பளம் > மேலாளர்.சம்பளம் என்று கேட்டால் ஸ்காட், ஃபோர்டு இருவரும் வருவர். இருவருக்கும் 3000, மேலாளர் ஜோன்ஸுக்கு 2975.

இதுவரை எளிது. இனித்தான் சிக்கல். அடிக்கடி தேவைப்படும் நிபந்தனையை ஒருமுறை எழுதிப் பெயரிட்டு, வேண்டுமிடத்தில் அழைத்துக்கொள்வது நல்ல வழக்கம். ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகளில் அதை 'ஸ்கோப்' என்பர். 'சம்பளம் 3000 அல்லது அதற்கு மேல்' என்பதை 'உயர்சம்பளம்' என்ற ஸ்கோப்பாக எழுதுவோம். தனி அட்டவணையில் ஸ்காட், ஃபோர்டு, கிங் மூவரும் சரியாக வருவர்.

தன்னிணைப்பில் அதையே அழைத்தால்? வெறுமனே 'சம்பளம்' என்று எழுதியிருந்தால், எந்தப் பிரதியின் சம்பளம் என்று தெரியாமல் கணிப்பொறி பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லதே! அட்டவணையின் சொந்தப் பெயரோடு எழுதியிருந்தால்தான் ஆபத்து. ரெயில்ஸில் முதற்பிரதி சொந்தப் பெயரோடு இருக்க, இரண்டாவதற்கு மட்டும் புதுப்பெயர் கிடைக்கிறது. 'மேலாளருக்கு உயர்சம்பளம் உள்ள ஊழியர்' யார் என்று நாம் கேட்க, நிபந்தனை ஊழியர் மீதே விழுந்து ஸ்காட், ஃபோர்டு என இருவர் வருவர். சரியான விடை ஐவர்: ஜோன்ஸ், பிளேக், கிளார்க், ஆடம்ஸ், ஸ்மித். பிழைச்செய்தி ஏதும் வராது. இப்பட்டியலை நம்பி ஓர் அலுவலகம் ஊக்கத்தொகை வழங்கினால், விடுபட்ட ஐவருக்கும் காரணமே தெரியாது.

தீர்வு சிறியது. ஸ்கோப்பில் பெயரைப் பதித்து வைக்காமல், அழைப்பவரிடமே பெற வேண்டும்: உயர்சம்பளம்(பெயர்) என்று எழுதி, உள்ளே பெயர்.சம்பளம் >= 3000 என வைக்க வேண்டும். எதுவும் தராவிட்டால் அட்டவணையின் சொந்தப் பெயர் என்று கொள்க. பழைய அழைப்புகள் கெடாமல் இருக்கும். இணைப்பில் 'மேலாளர்' என்ற பெயரை நாமே சூட்டி, அதையே ஸ்கோப்புக்கும் தர வேண்டும். கட்டமைப்பு தானாகச் சூட்டும் பெயரை நம்பலாகாது. அதே அட்டவணை மீண்டும் இணைந்தால் அப்பெயர் மாறிவிடும்.

ஒரு ஸ்கோப் இன்னொன்றை அழைத்தால், பெற்ற பெயரை அதற்கும் கடத்துக. பலர் தவறுவது இங்கேதான். இப்பெயரை நிரல் எழுதுபவரே தர வேண்டும். திரையில் பயனாளர் தட்டச்சு செய்ததை அந்த இடத்தில் வைத்தால், அவர் வினவையே மாற்றி எழுத வழி திறந்துவிடும்.

எழுதி முடித்ததும் 14 பேர் கொண்ட இதே அட்டவணையில் சோதித்துப் பாருங்கள். ஐவர் வந்தால் சரி. இருவர் வந்தால் நிபந்தனை தவறான பிரதியின் மீது விழுந்திருக்கிறது.